கற்பனை விரலுக்கு வர வேண்டும்: சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஷூட்டர் கேம் எப்போது சுவைக்கிறது?

கேள்வி இதுதான்: விண்கப்பல், வேற்றுக்கிரகவாசிகள், பளபளக்கும் கிராபிக்ஸ் எல்லாம் இருந்தும் சில சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஷூட்டர் கேம்கள் (துப்பாக்கியால் சுட்டு விளையாடுபவை) ஒரு மணி நேரத்திலேயே சலித்துவிடுகின்றன. 2001-இல் வந்த ஹேலோவை மட்டும் இன்றைக்கும் உட்கார்ந்து விளையாட முடிகிறது. ஏன்? புதிதாக ஆரம்பிப்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் கிராபிக்ஸ், கதை, துப்பாக்கிகளின் எண்ணிக்கை. மூன்றுமே இங்கே உதவாது. ஹேலோவின் கிராபிக்ஸ் பழசாகிப் பல வருடம் ஆகிறது. கதையை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். துப்பாக்கிகள் பத்துக்குள் அடங்கிவிடும். எனக்குத் தெரிந்தவரை காரணம் வேறு. இந்த வகை கேமில், படைத்தவர்கள் கற்பனை செய்த ஒரு பொருள் விளையாடுபவரின் விரலுக்கு ஒரு புதிய வேலையைக் கொடுத்தால் கேம் சுவைக்கிறது. அந்தக் கற்பனை வெறும் அலங்காரமாக நின்றுவிட்டால் சலிக்கிறது.

இரண்டாம் உலகப் போரை வைத்து கேம் செய்பவர்களுக்குக் கை பாதி கட்டப்பட்டிருக்கும். துப்பாக்கி அந்தக் காலத்துத் துப்பாக்கியாகவே இருக்க வேண்டும். எதிரி மனிதன்தான், ஓரிரு குண்டில் விழுவான், சீருடையும் எல்லோருக்கும் ஒன்றே. அந்த எல்லைக்குள்ளும் நல்ல கேம்கள் வந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் சயின்ஸ் ஃபிக்‌ஷனில் அந்தக் கட்டு கிடையாது. புவியீர்ப்பைக் குறைக்கலாம், காலத்தைப் பின்னோக்கித் திருப்பலாம், காதால் மட்டுமே உலகை அறியும் ஒரு பிராணியைப் படைக்கலாம். இவ்வளவு சுதந்திரம் இருக்கும்போது, சாதாரண இயந்திரத் துப்பாக்கிக்கு நீல விளக்கு மாட்டி, மனிதச் சிப்பாய்க்கு ஓணான் முகமூடி போட்டு, கதை ஐந்நூறு வருடம் கழித்து நடக்கிறது என்று சொல்லிவிட்டால் போதுமா? விளையாடுபவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். கண் புதியதைப் பார்க்கிறது, விரல் பழைய வேலையையே செய்கிறது.

ஹேலோ இதில் எங்கே ஜெயித்தது என்று பார்ப்போம். பஞ்ஜி நிறுவனம் உருவாக்கி, 2001 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் கேம் கருவியான முதல் எக்ஸ்பாக்ஸுடன் சேர்ந்து வெளிவந்த கேம் அது. எதிரிகள் பல வேற்றுக்கிரக இனங்கள் சேர்ந்த ஒரு கூட்டணி. அந்த ஒவ்வொரு இனமும் நம்மிடம் ஒரு தனி வேலையைக் கேட்கிறது. கிரண்ட்டுகள் குள்ளமானவை, கூட்டமாக வரும், பயந்தாங்கொள்ளிகள். ஜாக்கல்கள் கையில் ஒளிக்கேடயம் பிடித்திருக்கும். நேருக்கு நேர் சுட்டுக்கொண்டிருந்தால் தோட்டாதான் வீணாகும், பக்கவாட்டில் போக வேண்டும் அல்லது பின்னால் விழுகிற மாதிரி ஒரு கிரனேடு வீச வேண்டும். எலைட்டுகள் நம்மைவிட உயரம், நமக்கு இருப்பது போலவே, அடியைத் தாங்கித் தானாக நிரம்பும் ஷீல்டு என்ற காப்பு அவர்களுக்கும் உண்டு. கிரனேடு விழுவதைப் பார்த்தால் தாவி விலகுவார்கள். ஹன்டர்கள் எப்போதும் இரண்டு இரண்டாக வருவார்கள்; உடம்பெல்லாம் கவசம், முதுகில் மட்டும் ஆரஞ்சு நிறச் சதை தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது, இவர்களை நூறடி தூரத்திலிருந்தே பிரித்தறிய முடியும் என்பது. உடல் வடிவம் ஒன்றோடு ஒன்று குழம்பாது. எலைட்டின் கவசம் நீலமா, சிவப்பா, தங்கமா என்று பார்த்தாலே பதவியும் ஆபத்தும் தெரிந்துவிடும். தங்க நிறக் கவசக்காரர் கையில் ஒளிவாளோடு நிற்கிறார் என்றால் கிட்டே போகக் கூடாது என்று அர்த்தம். ஆக, ஒரு மேட்டின் மேல் நின்று கீழே பார்க்கும்போதே சண்டை மனதுக்குள் தொடங்கிவிடுகிறது. தலைவனாக நிற்கும் எலைட்டை முதலில் வீழ்த்தினால் சுற்றியுள்ள கிரண்ட்டுகள் கையைத் தூக்கிக்கொண்டு அலறியபடி ஓடும். ஆனால் அவனிடம் போக அந்தக் கிரண்ட்டுகளைத் தாண்ட வேண்டும். முதலில் யாரை? முடிவெடுக்க இரண்டு நொடி. அது சரியா தவறா என்று அடுத்த ஐந்து நொடியில் தெரிந்துவிடும். இந்த வகை கேமின் இன்பம் பெரும்பாலும் இந்த ஏழு நொடிக்குள்தான் இருக்கிறது.

ஆயுதங்களுக்கும் இதே கதைதான். வேற்றுக்கிரகவாசிகளின் பிளாஸ்மா ஆயுதம் (தோட்டாவுக்குப் பதில் மின்னாற்றலைச் சுடுவது) ஷீல்டைச் சீக்கிரம் கரைக்கும், தோட்டா சதையைத் துளைக்கும். பிளாஸ்மா பிஸ்டலின் விசையை அழுத்திப் பிடித்தால் ஒரு பச்சைப் பந்து திரளும். விட்டால் எலைட்டின் மொத்த ஷீல்டும் ஒரே அடியில் போய்விடும். உடனே மனிதர்களின் கைத்துப்பாக்கிக்கு மாறித் தலையில் ஒரு குண்டு. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு ஆயுதங்களைத்தான் சுமக்க முடியும் என்பதால், இந்த ஜோடி வேண்டுமென்றால் ராக்கெட் லாஞ்சரைக் கீழே வைக்க வேண்டும். அப்புறம், பிளாஸ்மா ஆயுதத்துக்கு ரீலோட், அதாவது நடுவில் நிறுத்தித் தோட்டா மாற்றுவது, கிடையாது. விசையை விடாமல் அழுத்தினால் சூடேறிக் கையைச் சுட்டுவிடும், எனவே விட்டு விட்டுச் சுட வேண்டும். பேட்டரி தீர்ந்தால் நிரப்ப வழியில்லை, தூக்கிப் போட்டுவிட்டு விழுந்து கிடக்கும் எதிரியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ‘மின்னாற்றல் ஆயுதம்’ என்ற கற்பனை இங்கே விரலின் தாளத்தையே மாற்றுகிறது. எத்தனையோ கேம்களில் லேசர் துப்பாக்கி என்பது சத்தம் மாற்றிய சாதாரணத் துப்பாக்கிதான்.

தானாக நிரம்பும் ஷீல்டு ஹேலோவுக்குப் பிறகு பல ஷூட்டர்களில் வேறு வேறு வேடத்தில் வந்துவிட்டது. ஹேலோவில் அது என்ன செய்தது என்றால், சண்டைக்கு ஒரு மூச்சைக் கொடுத்தது. கபடியில் பாடிப் போகிறவருக்கு மூச்சு எப்படியோ, இங்கே ஷீல்டு அப்படி. அது தீர்வதற்குள் எதிர்க்களத்தில் புகுந்து, தொட்டுவிட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும். குறையும்போது காதில் எச்சரிக்கை ஒலி அடிக்கும், பாறைக்குப் பின்னால் ஒதுங்கினால் ரீங்காரத்தோடு நிரம்பும். கண்ணை எதிரியிடமிருந்து எடுக்காமலே நிலைமை தெரிகிறது. அதே நேரம், முதல் ஹேலோவில் ஷீல்டுக்குக் கீழே தானாக நிரம்பாத ஒரு உயிர்க்கோடும் இருந்தது. அது குறைந்தால் மருந்துப் பெட்டி தேட வேண்டும். இந்த இரண்டாவது கோடுதான் சண்டையில் பயத்தை வைத்திருந்தது என்பது என் எண்ணம். அதை எடுத்துவிட்டு ஷீல்டை மட்டும் நகலெடுத்த கேம்களில், மூலையில் உட்கார்ந்து காத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது.

ஹேலோவை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜேமி கிரீஸ்மர் சொன்ன ‘முப்பது நொடி வேடிக்கை’ என்ற பேச்சு கேம் உலகில் மிகப் பிரபலம். முப்பது நொடி நன்றாக இருந்தால் அதையே திரும்பத் திரும்பக் கொடுக்கலாம் என்று பலர் புரிந்துகொண்டார்கள். அவர் பிற்பாடு விளக்கியது வேறு. அந்த முப்பது நொடியைப் புது இடத்தில், புது ஆயுதத்தோடு, வேறு எதிரிக் கலவையோடு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்னது. இதற்கு ஆதாரம் ஹேலோவுக்குள்ளேயே இருக்கிறது. ‘தி சைலன்ட் கார்ட்டோகிராஃபர்’ லெவலில் ஒரு தீவின் கடற்கரையில் இறங்குகிறோம், ஜீப் ஒன்று கிடைக்கிறது, தீவை இடமாகவும் சுற்றலாம், வலமாகவும் சுற்றலாம். அதே கேமில் ‘தி லைப்ரரி’ என்று இன்னொரு லெவல். அதே துப்பாக்கிகள், அதே ஷீல்டு, அதே குறிபார்க்கும் சுகம். ஆனால் ஒரே மாதிரியான கூடங்கள் மாடி மாடியாக வந்துகொண்டே இருக்கும், ஃப்ளட் என்ற ஒட்டுண்ணிக் கூட்டம் மட்டும் அலை அலையாகப் பாயும். எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே ஒன்றுதான்: பின்னால் நகர்ந்துகொண்டே சுடு. ஹேலோவை உயிராக நேசிப்பவர்கள்கூட அந்த லெவலைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் தாண்டுகிறார்கள்.

எதிரியின் அறிவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ‘எதிரி புத்திசாலியாக இருக்க வேண்டும்’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் புத்தி இருந்தால் போதாது, அது நம் கண்ணில் பட வேண்டும். கிரீஸ்மரும் கிறிஸ் புட்சரும் 2002-இல் கேம் உருவாக்குநர் மாநாட்டில் இதைப் பற்றி ஒரு உரை நிகழ்த்தினார்கள். பரிசோதனையில் எதிரிகளின் உயிர்பலத்தை மட்டும் கூட்டியபோது, விளையாடியவர்கள் ‘இந்த எதிரிகள் அதிக புத்திசாலிகள்’ என்று சொன்னார்களாம். செயற்கை அறிவில் ஒரு வரிகூட மாறவில்லை. சட்டென்று செத்துப்போகிற எதிரிக்குத் தன் தந்திரத்தைக் காட்ட நேரம் கிடைப்பதில்லை. கொஞ்ச நேரம் உயிரோடு இருந்தால்தான் அவன் ஒளிவதும், சுற்றி வருவதும், பயந்து ஓடுவதும் தெரியும்.

மோனோலித் நிறுவனம் உருவாக்கி 2005-இல் வெளிவந்த எஃப்.இ.ஏ.ஆர். என்ற கேம் இதைவிடச் சுவையான உதாரணம். அதன் எதிரிகள் ஒரே மனதால் இயக்கப்படும் நகல் சிப்பாய்கள். அவர்களின் செயற்கை அறிவை எழுதிய ஜெஃப் ஓர்கின், சிப்பாய் ஒவ்வொருவனும் தன் குறிக்கோளுக்கு ஏற்ற செயல்களைத் தானே கோர்த்துத் திட்டமிடும்படி செய்தார். மேசையைக் கவிழ்த்து மறைவாக்கிக்கொள்வார்கள், ஜன்னல் வழியாகக் குதித்து வருவார்கள். ஆனால் அவர்களைப் பெரிய புத்திசாலிகளாகக் காட்டியதில் பாதி வேலையைச் செய்தது அவர்களின் பேச்சு. நம்மைப் பார்த்தால் எங்கே இருக்கிறோம் என்று கத்துவார்கள், கூட்டாளி செத்தால் கத்துவார்கள். கடைசியாக மிஞ்சியவன் கூடுதல் ஆட்கள் வேண்டும் என்று கூப்பிடுவான். கேமில் கூடுதல் படையை வரவழைக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது என்று ஓர்கினே எழுதியிருக்கிறார். ஆனால் அடுத்த அறையில் எப்படியும் சில எதிரிகள் இருப்பார்கள். விளையாடுபவர், அவன் கூப்பிட்டதால்தான் இவர்கள் வந்திருக்கிறார்கள் என்று தானே முடிச்சுப் போட்டுக்கொள்வார். நமக்கு அங்கே நேரத்தை மெதுவாக்கும் சக்தி வேறு உண்டு. அது வெறும் சினிமா அழகு இல்லை. எதிரிகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து ரசிக்கவும் பதிலடி யோசிக்கவும் அது நேரம் கொடுக்கிறது.

துப்பாக்கியே வேலை செய்யாத ஒரு எதிரியைக் கொடுத்தால் என்ன ஆகும்? வால்வ் நிறுவனம் உருவாக்கி 1998 நவம்பரில் வெளிவந்த ஹாஃப்-லைஃப் அதைச் செய்து பார்த்தது. ராக்கெட் சோதனைக்கூடம் ஒன்றின் ஆழமான குழிக்குள் மூன்று பிரம்மாண்டமான கரங்கள் மேலே நீண்டிருக்கும். அவற்றுக்குக் கண் இல்லை, சத்தம் மட்டும் கேட்கும். சுட்டால் சாகாது. ஓடினால் காலடி கேட்டு, அலகால் இரும்புத் தளத்தில் ஓங்கிக் குத்தும். எனவே மெதுவாக நடக்க வேண்டும், அல்லது ஒரு கிரனேடை எதிர்ப்பக்கம் வீசிவிட்டு, அது அந்தச் சத்தத்தின் பக்கம் திரும்பியிருக்கும் நேரத்தில் கடக்க வேண்டும். ஆளைக் கொல்ல வைத்திருந்த கிரனேடு இங்கே சத்தம் போடும் கருவியாகிவிட்டது. கடைசியில் எரிபொருள், ஆக்சிஜன், மின்சாரம் மூன்றையும் திறந்துவிட்டு, தலைக்கு மேலே தொங்கும் ராக்கெட் எஞ்சினை எரித்துத்தான் அதைக் கொல்ல முடியும். அத்தனை நேரமும் அந்தக் குழியைச் சுற்றிச் சுற்றி வரவேண்டியிருக்கும். இத்தனை வருடம் கழித்தும் இதைவிடச் சிறந்த ஒரு ஷூட்டர் லெவலை என்னால் சுலபமாகச் சொல்ல முடியவில்லை.

2004-இல் வந்த ஹாஃப்-லைஃப் 2 ஒரு புது ஆயுதத்தை எப்படிக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதற்குப் பாடமாக இருக்கிறது. கிராவிட்டி கன் என்ற அந்தக் கருவி பொருள்களைத் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கும், பிறகு வேகமாக எறியும். அது முதலில் நம் கைக்கு வருவது ஒரு விளையாட்டுக்காக: டாக் என்ற பெரிய இயந்திரத் தோழனோடு பந்து பிடித்து எறிவது. அடுத்து ரேவன்ஹோம் என்ற பாழடைந்த ஊர். அங்கே நுழைந்ததும் சுவரில் பாய்ந்து நிற்கும் ரம்பத் தகடுகளும், அதனால் இரண்டாக வெட்டுப்பட்ட ஒரு உடலும் தெரியும். தகட்டைப் பிடுங்கி எடுக்கும் நேரத்தில் எதிரே ஒரு ஜாம்பி வந்து நிற்கும். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, திரையில் பாடம் எழுதவில்லை, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று கைக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஊரில் எதைப் பார்த்தாலும், பெயின்ட் டப்பாவானாலும் ரேடியேட்டரானாலும், அது தோட்டாவாகத் தெரியும். கற்பனை விரலுக்கு வருவது என்று நான் சொல்வது இதைத்தான்.

அறிவியல் துல்லியம் வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். துல்லியத்தைவிட விதி மாறாமல் இருப்பது முக்கியம் என்பேன். உண்மையான லேசர் ஒளிவேகத்தில் வந்துவிடும். விசையை அழுத்திய கணமே நாம் அடிபட்டிருப்போம், விலக வாய்ப்பே இல்லை. விண்வெளியில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அந்தக் கதிர் கண்ணுக்கும் தெரியாது. இயற்பியல் சரி, விளையாட்டு பாழ். 1993 டிசம்பரில் வந்த டூம், செவ்வாயின் நிலவான போபோஸில் தொடங்குகிறது. அங்கே இம்ப் என்ற எதிரி எறியும் நெருப்புப் பந்து, ஒருவர் ஓடியே விலகிவிடக்கூடிய வேகத்தில்தான் வரும். துப்பாக்கிக் குண்டைவிட எவ்வளவோ மெது. ஆனால் அது வருவதைக் கண்ணால் பார்க்கலாம், பக்கவாட்டில் நகரலாம், இரண்டு பந்துகளுக்கு நடுவே புகலாம். அதில் இன்னொரு அழகும் உண்டு. ஒரு எதிரியின் பந்து தவறி இன்னொரு வகை எதிரி மேல் பட்டால் அவர்கள் தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்துவிடுவார்கள். தோட்டா குறைவாக இருக்கும்போது, வேண்டுமென்றே நடுவில் போய் நின்று அவர்களை மோதவிடுவது ஒரு கலை.

2016-இல் வந்த புதிய டூம் இதை இன்னொரு பக்கம் கொண்டுபோனது. முதலில் செய்துகொண்டிருந்த வேறொரு வடிவத்தைத் திருப்தியில்லாமல் கைவிட்டு, ஐடி சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் புதிதாகத் தொடங்கிய கேம் அது. ஷீல்டு கிடையாது, ரீலோட் கிடையாது, ஒதுங்கி நின்றால் உயிர் நிரம்பாது. அடிபட்டுத் தடுமாறும் எதிரி மின்னுவான்; கிட்டே ஓடிப்போய்க் கையால் முடித்தால் அவனிடமிருந்து உயிர் கொட்டும். தோட்டா வேண்டுமா, ரம்பத்தால் அறுக்க வேண்டும். அதாவது, சாகப்போகிற நிலையில் நீங்கள் போக வேண்டிய இடம் எதிரியின் மடி. மற்ற கேம்கள் பயத்தில் பின்வாங்கச் சொல்லும்போது இது முன்னால் போகச் சொல்கிறது. இந்த ஒரு விதி மாறியதால் சண்டையின் முழு நடையும் மாறிவிட்டது. ஹேலோவின் மறைவுப் பாறைகளை டூமில் வைத்தால் இரண்டுமே கெட்டுப்போகும். எதை எங்கிருந்து கடன் வாங்குகிறோம் என்பதில் நிறைய கேம்கள் தோற்பதை இங்கே பார்க்கலாம்.

நகர்வு. இதைப் பற்றிப் பேசாமல் டைட்டன்ஃபால் 2-ஐச் சொல்ல முடியாது. ரெஸ்பான் நிறுவனம் உருவாக்கிய அந்த கேம் 2016 அக்டோபர் 28 அன்று வெளிவந்தது. முந்தைய வெள்ளிக்கிழமை பேட்டில்ஃபீல்டு 1, அடுத்த வெள்ளிக்கிழமை கால் ஆஃப் டியூட்டியின் புது கேம் என்று இரண்டு பிரபல போர் ஷூட்டர்களுக்கு நடுவில் இது மாட்டிக்கொண்டது. அதற்குக் கிடைத்திருக்க வேண்டிய கூட்டம் அப்போது கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். சுவரில் ஓடலாம், காற்றில் இரண்டாம் முறை எகிறலாம், சறுக்கலாம். ஒரு சுவரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் வேகம் குறையாமல் கூடும் என்பதால், தரை என்பது கடைசியில் நிற்கும் இடமாகிவிடுகிறது. அதில் ‘எஃபெக்ட் அண்ட் காஸ்’ என்று ஒரு லெவல். இடிந்து கிடக்கும் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில், மணிக்கட்டில் கட்டிய கருவியின் ஒரே பொத்தானால் அந்த நிலையம் நன்றாக இருந்த பழைய நாளுக்கும் இன்றைக்கும் மாறி மாறிப் போகலாம். இன்று வழி இடிந்திருக்கிறதா, நேற்றுக்குப் போய் நடந்துவிட்டுத் திரும்பலாம். நேற்று காவலர்கள் சூழ்ந்துகொண்டார்களா, இன்றைக்குத் தாவி அவர்களின் முதுகுப் பக்கம் போய் நின்று மீண்டும் நேற்றுக்கு வரலாம். காற்றில் பாதித் தாவலில் காலத்தை மாற்றினால்தான் அடுத்த சுவர் அங்கே இருக்கும். காலப்பயணத்தைப் பற்றி விளக்க ஒருவரும் உட்காரவில்லை; கட்டைவிரலில் வந்துவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்தக் கருவி அந்த ஒரு லெவலோடு நம்மிடமிருந்து போய்விடுகிறது. சுவை தீரும் முன்பே எடுத்துக்கொள்ளும் துணிச்சல் எல்லாப் படைப்பாளிகளுக்கும் வருவதில்லை.

இனி கண்ணுக்குத் தெரியாத வேலைகள். திரையில் நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படங்கள், ஓடினால் ஒரு பிரேமுக்குச் சுமார் 16.7 மில்லி நொடி, 30 என்றால் 33.3. மவுஸை நகர்த்தியதற்கும் பார்வை திரும்புவதற்கும் இடையிலுள்ள தாமதம் இதோடு கூடும். பலருக்கு இது எண்ணாகத் தெரியாது, ‘துப்பாக்கி கனமாக இருக்கிறது’, ‘ஏதோ ஒட்டவில்லை’ என்றுதான் தெரியும். சுடும் உணர்வும் அப்படியே. ஹேலோ 3-இன் ஸ்னைப்பர் துப்பாக்கியில் இரண்டு குண்டுகளுக்கு இடையிலான நேரத்தை 0.5 நொடியிலிருந்து 0.7 நொடியாக மாற்றியது ஏன் என்று, அந்த ஒரு எண்ணை மட்டும் தலைப்பாக வைத்து கிரீஸ்மர் 2010-இல் ஒரு முழு உரை நிகழ்த்தினார். அவ்வளவு பொறுமை இந்தத் தொழிலுக்கு வேண்டும். ஒலியும் இதில் சேரும். ஹாஃப்-லைஃப் 2-இல் எதிரிச் சிப்பாய் செத்தால் அவனது ரேடியோவில் இதயத்துடிப்பு நின்ற நீண்ட ஒலி கேட்கும். புகைக்கு நடுவே, மறைவுக்குப் பின்னால், பார்க்காமலே அவன் விழுந்தது தெரிந்துவிடும். அந்த உலகத்துக்குப் பொருத்தமான ஒலியாகவும் இருக்கிறது, விளையாட்டுக்கு வேண்டிய தகவலையும் தருகிறது.

எல்லா இன்பமும் வேகத்தில் இல்லை. ஆர்க்கேன் நிறுவனம் உருவாக்கி 2017-இல் வெளிவந்த ப்ரே, நிலவைச் சுற்றும் டாலோஸ் 1 என்ற விண்நிலையத்தில் நடக்கிறது. அங்கே மிமிக் என்ற பிராணி எந்தச் சிறு பொருளாகவும் உருமாறும். மேசையில் இரண்டு காபிக் கோப்பைகள் இருந்தால், அதில் ஒன்று நம் முகத்தில் பாயலாம். அந்த அறையில் நாற்காலி எத்தனை, குப்பைக்கூடை எங்கே இருந்தது என்று எண்ண ஆரம்பித்துவிடுவீர்கள். மற்ற கேம்களில் பின்னணியாகக் கிடக்கும் பொருள்களெல்லாம் இங்கே சந்தேகத்துக்குரியவை. சுடுவது குறைவு, பார்ப்பது அதிகம். உறையும் நுரையைப் பீய்ச்சும் ஒரு கருவியும் கிடைக்கிறது. எதிரியை உறையவைக்கலாம், அல்லது சுவரில் படிபோல் பீய்ச்சி மேல்மாடிக்கு ஏறிவிடலாம். பூட்டிய கதவுக்குச் சாவி தேடுவதற்குப் பதில் கூரை வழியாகப் போவதை அந்த கேம் தடுப்பதில்லை.

கதையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கறாரான கருத்து உண்டு. காதில் ரேடியோ வழியாக யாரோ விடாமல் பேசி, கேள்விப்படாத பத்துப் பெயர்களை நடுச்சண்டையில் கொட்டும் கேம்களை என்னால் பொறுக்க முடிவதில்லை. ஹாஃப்-லைஃப் தொடக்கத்தில் ஒரு டிராம் வண்டியில் உட்காரவைத்து ஆராய்ச்சி நிலையத்தைச் சுற்றிக்காட்டும். நம் பார்வையை நம்மிடமிருந்து பிடுங்கி சினிமா காட்டாது. எங்கே வேண்டுமானாலும் திரும்பிப் பார்க்கலாம். பேரழிவு நடந்த பிறகு அதே இடங்கள் வழியாகத் திரும்ப வரும்போது, என்ன போயிற்று என்று யாரும் சொல்லத் தேவையில்லை. 2002-இல் வந்த மெட்ராய்டு பிரைம் இன்னும் நுணுக்கம்: தலைக்கவசத்தின் கண்ணாடியில் மழைத்துளி படியும், பக்கத்தில் வெடித்தால் அந்த வெளிச்சத்தில் நாயகியின் கண்கள் உள்பக்கத்தில் பிரதிபலிக்கும். நாம் ஒரு கேமரா இல்லை, கவசத்துக்குள் இருக்கும் ஆள் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்?

ஆன்லைனில் பலரோடு விளையாடுவது தனி விஷயம், அதற்கு வேறு அளவுகோல். அங்கே எதிரியே மனிதர் என்பதால் புத்தியைப் பற்றிக் கவலையில்லை. எவ்வளவு நேரத்தில் சாகிறோம், எல்லோரும் சமமாகத் தொடங்குகிறோமா, தோற்றால் ஏன் தோற்றோம் என்று புரிகிறதா என்பவைதான் அங்கே முக்கியம்.

சலிப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கும் இப்போது பதில் சொல்லிவிடலாம். அடித்தாலும் அடித்தாலும் சாகாமல், அடிபட்டதாகக் காட்டிக்கொள்ளவும் செய்யாத எதிரி. முன்பு சொன்ன உயிர்பலப் பரிசோதனையை அரைகுறையாகப் புரிந்துகொண்டால் இதில்தான் முடியும். அதிக நேரம் உயிரோடு இருப்பவன் அந்த நேரத்தில் ஏதாவது செய்ய வேண்டும். இருபது துப்பாக்கிகள் இருந்தும் ஐந்து சதவீதம் சேதம் கூடுதல் என்ற வித்தியாசம் மட்டுமே உள்ள ஆயுதப் பட்டியல். போகிற வழியை எல்லாம் திரையில் அம்புக்குறி போட்டுக் காட்டி, அந்த உலகத்தைப் பார்க்கும் தேவையையே எடுத்துவிடுவது. இவை இருக்கும் கேமில் ஏலியன்கள் எவ்வளவு அழகாக வரையப்பட்டிருந்தாலும் பயனில்லை.

எதிலிருந்து தொடங்கலாம் என்றால், இதுவரை ஷூட்டர் விளையாடாதவருக்கு நான் டைட்டன்ஃபால் 2-இன் கதைப் பகுதியைச் சொல்வேன். ஆறேழு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஒவ்வொரு லெவலிலும் ஒரு புது யோசனை இருக்கும். அப்புறம் ஹேலோ. ஹேலோ கேம்களின் தொகுப்பாக இப்போது பிசியில் கிடைக்கும் மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷனில் பழைய கிராபிக்ஸுக்கும் புதியதற்கும் ஒரே பொத்தானில் மாறலாம். பழையதிலேயே விளையாடுங்கள், எதிரிகளின் உருவமும் நிறமும் அதில்தான் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன. ஓரளவு பழகியவர் என்றால் ஹெராயிக் கடினநிலை வையுங்கள். நார்மலில் எலைட்டுகள் சீக்கிரம் விழுந்துவிடுவதால் அவர்கள் செய்வது பாதி நம் கண்ணில் படாது. செட்டிங்ஸில் மோஷன் ப்ளரை (பார்வை திரும்பும்போது படத்தை மங்கலாக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். தலை சுற்றினால், பார்வைக் கோணத்தை 90 டிகிரி பக்கம் கூட்டிப் பாருங்கள்; திரைக்கு அருகில் உட்கார்ந்து விளையாடுபவர்களில் நிறையப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். கணினி பழையது என்றால் நிழல், பிரதிபலிப்பு போன்றவற்றைக் குறைத்தாவது 60 பிரேமைப் பிடியுங்கள். லைப்ரரி லெவல் வந்தால் ஷாட்கன்னைக் கைவிடாதீர்கள், அதை ஒரே மூச்சில் முடித்துவிடுவது நல்லது.